ஆளுக்கு ரெண்டு

"ஒண்ணுமில்ல டீச்சர், பயப்படாதீக! இது வேலை செய்யுதுன்னு அர்த்தம்!"

தங்கப்பாண்டியன் இதைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மேசை மேல் இருந்த சர்வர் பெட்டி, சுவிட்சைப் போட்ட கையோடு 'கீ… கீ… கீ…' என்று வீறிட ஆரம்பித்திருந்தது. ஏசம்மாள் டீச்சர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, தொட்டில் பிள்ளையைப் பார்ப்பதுபோல் அதைப் பார்த்தார்.

"பசிக்குதோ என்னமோ, தம்பி."

"இல்ல டீச்சர். புது வெர்சன். செக்யூரிட்டி ஜாஸ்தி."

டீச்சர் வந்த காரியம் சின்னக் காரியம் இல்லை. அவர் வீட்டுக்காரர் சத்தியநேசன், மகள் வின்சியின் கல்யாண வரவேற்பில் மேடையேறி ஒரு கீர்த்தனை பாடினார். அந்த வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். நாளைக் காலையில் முதலாம் வருஷ நினைவு ஜெபக் கூட்டம். கல்யாண வீடியோவில் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தால், தங்கப்பாண்டியன் தன் கைவரிசையைக் காட்டி, அந்த இடத்தில் ஒரு சினிமாப் பாட்டை ஏற்றி வைத்திருந்தார்.

"அவிய வாயி மட்டும் அசையுது தம்பி. சத்தம் வேற யாருதோ வருது" என்றார் டீச்சர். "நீங்க அன்னைக்குப் பிடிச்ச அசல் இருக்கும்லா? அவிய கொரலைக் கேட்டு வருசம் ஒண்ணாச்சு. வின்சியும் நாளைக்கு வாரா."

"என்ன டீச்சர் இப்படிக் கேட்டுட்டீக? எங்கிட்ட இருக்கற பெட்டி சாதாரணப் பெட்டியா? சாயங்காலத்துக்குள்ள பாட்டு ஒங்க கையில இருக்கும்."

டீச்சர் நம்பிப் போனார். பெட்டி நம்பவில்லை. 'கீ… கீ…' என்றது.

ராஜபாளையத்தில் மில் வைத்திருப்பவர்கள் உண்டு, தறி வைத்திருப்பவர்கள் உண்டு, நாய் வைத்திருப்பவர்கள் உண்டு. சர்வர் வைத்திருக்கிற கல்யாண வீடியோக்காரர் தங்கப்பாண்டியன் ஒருத்தர்தான் என்பது அவருடைய தீர்மானமான எண்ணம். டீக்கடையில் யாராவது மழையைப் பற்றிப் பேச்செடுத்தால்கூட, "மழைல நனைஞ்சாலும் நம்ம டேட்டாவுக்கு ஒண்ணும் ஆகாதுல்ல" என்று கொண்டுவந்து சேர்த்துவிடுவார். பெட்டிக்குள் நாலு டிஸ்க். வீடியோவைத் துண்டு போட்டு நாலிலும் பரப்பி வைப்பதுதான் அதன் சூட்சுமம். ஒரு டிஸ்க் செத்தால் மற்ற மூன்றும் கூடி, செத்ததில் இருந்ததையும் திரும்பக் கட்டிவிடும். அதற்குப் பெயர் ரெய்டு.

ஆடி மாதம் அதற்குப் புது வெர்சன் வந்தது. மதுரையிலிருந்து சர்வீஸ்காரன் ஸ்டெபின் வந்து ஏற்றிக் கொடுத்தான். டிஸ்க்கைத் திருடிக்கொண்டு போனாலும் வேறு பெட்டியில் படிக்க முடியாது. முக்கியமான எந்த வேலைக்கும் இரண்டு பேர் சம்மதம் வேண்டும். ஏதாவது கோளாறு என்றால் ஊருக்கே கேட்கிற மாதிரி அலாரம். "எதெது வேணும்ணே?" என்று ஸ்டெபின் கேட்டான். "எல்லாத்துலயும் டிக் போடுடா" என்றார் தங்கப்பாண்டியன். போகும்போது பெட்டியின் தலையில் தன் போன் நம்பரை ஒட்டிவிட்டுப் போனான்.

அம்புட்டுப் பெருமையான பெட்டி ஏன் இப்போது கத்துகிறது என்று தங்கப்பாண்டியனுக்கு நன்றாகத் தெரியும். உள்ளே இரண்டு டிஸ்க்தான் இருந்தது. மற்ற இரண்டும் ஸ்ரீவில்லிபுத்தூரில், அண்ணன் ஐயாதுரை வீட்டில் இருந்தன.

அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஸ்டுடியோ நடத்தினார்கள். அண்ணன் படம் பிடிப்பார், தம்பி வெட்டி ஒட்டிப் பத்திரப்படுத்துவார். பிரிந்தது ஒரு பேனரால். ஊர்ப் பெருமை தெரியட்டும் என்று அண்ணன் பேனரில் ஒரு ராஜபாளையம் நாயையும் போடச் சொல்ல, அச்சடித்த புண்ணியவான் நாயை மேலேயும் தம்பியைக் கீழேயும் போட்டுவிட்டான். நாயின் படம் பெரிசு வேறு.

"என்னைய விட ஒனக்கு நாய் ஒசத்தியாப் போச்சோ?" என்று தம்பி கேட்டார்.

"அது வள்ளுன்னு ஒரு சத்தமாவது குடுக்கும். நீ எப்பவும் அந்தப் பெட்டியப் பத்திதானே பேசுத" என்று அண்ணன் சொன்னார்.

பெட்டியைச் சொன்னதை மட்டும் தம்பியால் தாங்க முடியவில்லை. அத்தோடு பேச்சு வார்த்தை நின்றது. வ. புதுப்பட்டியிலிருந்து தாய்மாமன் சோலைச்சாமி வந்து, ஆவணியில் பாகம் பிரித்தார். கேமரா, லைட், ட்ரோன் எல்லாம் சண்டையில்லாமல் பிரிந்தன. சர்வர் முறை வந்தபோது, "இது சின்னவனுக்குத்தான் ஓட்டத் தெரியும். அவனே வச்சுக்கிடட்டும்" என்றார் மாமன்.

அப்போது அண்ணன் மனைவி மாரிச்செல்வி எழுந்தார். "பெட்டி அவுகளுக்குன்னா உள்ள இருக்கதுல பாதி எங்களுக்கு வேணும். நாலுல ரெண்டு."

"ஒண்ணு எடுத்துக்கிட்டாப் போதாதாம்மா?" என்றார் மாமன்.

"ஒண்ணு கொறஞ்சாலும் நான் ஒத்துக்கிட மாட்டேன்."

தங்கப்பாண்டியன் மனைவி பானுப்பிரியாவும் எழுந்தாள். "ஒண்ணு கூடினாலும் நான் ஒத்துக்கிட மாட்டேன். ஆளுக்கு ரெண்டு!"

ஓரகத்திகள் இரண்டு பேரும் முறைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்து, "பொம்பளைக ஆசைக்கு அளவே இல்லப்பா" என்று சோலைச்சாமி தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு டிஸ்க் போனால் பெட்டி தாங்கும், இரண்டு போனால் படுத்துவிடும் என்று தங்கப்பாண்டியன் அப்போதே வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் வாயெடுத்தார். அதற்குள் அண்ணன் மாமனைப் பார்த்து, "டிஸ்க்கு போனாலும் ஒண்ணும் ஆகாது, தானாக் கட்டிக்கிடும்னு ஊரெல்லாம் சொன்னானே, இப்ப ஏன் முழிக்கான்?" என்றுவிட்டார்.

"யாரு முழிக்கா? தாராளமா எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க மாமா. எம் பெட்டிக்கு ஒண்ணும் ஆகாது" என்று தன் கையாலேயே இரண்டை உருவிக் கொடுத்தார் தங்கப்பாண்டியன். அன்றைக்குத் துண்டு போட்டு மூடிய பெட்டியை இன்றைக்குத்தான் திறக்கிறார். யாரும் பழைய வீடியோ கேட்டு வராமல் இருக்க வேண்டும் என்று மாடசாமிக்கு ஒரு வேண்டுதல்கூடப் போட்டிருந்தார்.

மாடசாமி கைவிட்டுவிட்டார். முதலில் சத்தத்தை நிறுத்துவோம் என்று 'அலாரத்தை நிறுத்து' பொத்தானை அழுத்தினார். திரையில் 'இரண்டாம் நபரின் சம்மதத்திற்காகக் காத்திருக்கிறது' என்று வந்தது. சரியாக அழுந்தவில்லையோ என்று மறுபடி அழுத்தினார். மறுபடியும் அதேதான் வந்தது. கோபத்தில் தவில் வாசிப்பதுபோல் தட்டித் தீர்த்த பிறகுதான் அவருக்கு உறைத்தது, அந்த இரண்டாம் நபர் அண்ணன் ஐயாதுரை. ஆடி மாதம் சேர்ந்திருந்தபோது அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்.

அதாவது, ஒவ்வொரு தட்டுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரில் அண்ணன் போனில் மணி அடித்து ஒரு செய்தி போயிருக்கும். புது வெர்சனில் தமிழ் இருக்கிறது என்று பெருமையாகத் தமிழையே வைத்திருந்தார். செய்தி என்ன போகும் என்பது அவருக்கு மனப்பாடம். 'தங்கப்பாண்டியன் தங்கள் சம்மதத்தை வேண்டிக் காத்திருக்கிறார்.'

"ஐயையோ, மானம் போச்சே!" என்று தலையில் கை வைத்தார்.

உடனே இரண்டாம் நபரை மாற்றப் போனார். இரண்டாம் நபரை மாற்ற, இரண்டாம் நபரின் சம்மதம் வேண்டும் என்றது பெட்டி. அந்தச் செய்தியும் போனது. பதிலுக்கு 'மறுக்கப்பட்டது' என்று வந்து நின்றது.

"ஏட்டி பானு! அண்ணன் சம்மதிக்க மாட்டேங்கான்!"

பானுப்பிரியா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வாயத் தொறந்து கேட்டீயளா?"

"எதுக்கு நான் கேக்கணும்?"

"அப்ப கத்தட்டும்" என்றாள். அவள் ஏனோ ஒரு பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு நாளில் ஒரு மனுஷிக்குப் பாட்டு எப்படி வரும் என்று தங்கப்பாண்டியனுக்கு ஆத்திரமாக வந்தது.

வாசலில் பக்கத்து வீட்டு ராக்கப்பன் ஓடிவந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று தங்கப்பாண்டியன் தயாரானார். ராக்கப்பன் கண்ணில் தண்ணீர்.

"தங்கம்! என் நாய்க்குக் காது கேக்குதப்பா!"

ராக்கப்பனின் வெள்ளை நாய் பிறவியிலேயே செவிடு. வெடி வெடித்தாலும் திரும்பிப் பார்க்காது. அது இப்போது பெட்டிக்குப் பதில் சொல்வதுபோல் வாலைத் தூக்கிக்கொண்டு ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"டாக்டரே கையை விரிச்சிட்டாரு. ஒம் பெட்டிதான்யா குணமாக்கிருக்கு! நிறுத்திறாத, செத்த நேரம் கத்தட்டும்!"

என் பெட்டி அப்பேர்ப்பட்ட பெட்டி என்று தங்கப்பாண்டியனுக்கு அந்த நிலைமையிலும் கொஞ்சம் நெஞ்சு நிமிரத்தான் செய்தது. ஆனால் தெருவில் மற்றவர்களுக்குச் செவிட்டு நாய் இல்லை. எதிர்வீட்டில் ஜன்னலைச் சாத்தினார்கள். பால்காரர் பாலை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடினார். வேறு வழியில்லாமல் தங்கப்பாண்டியன் வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் கொண்டுவந்து பெட்டியைப் போர்த்தினார். சத்தம் அடங்கியதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குப் புழுங்கி, சூடு ஏறி, சூட்டுக்கென்று தனியாக ஒரு அலாரம் உண்டு என்பது தெரியவந்தது. அது 'கூ…' என்று நீளமாக ஊதியது. 'கீ'யும் 'கூ'வும் நாயும் சேர்ந்துகொள்ள, கச்சேரி களைகட்டியது.

கம்பளியை உருவி எறிந்தார். சூடு இறங்கி 'கூ' நின்றது. மேசை டிராயரில் இரண்டு பழைய டிஸ்க் கிடந்தது. காலியான இடத்தில் அதைச் செருகினால் வாயை மூடுமோ என்று செருகிப் பார்த்தார். பெட்டி ஒரு விநாடி மூச்சுவிட்டுவிட்டு, 'அறியாத டிஸ்குகள். அனைத்தையும் அழித்துப் புதிதாகத் தொடங்கவா?' என்று கேட்டது. பதறி 'வேண்டாம்' என்று அழுத்துவதற்குப் பதில், பதற்றத்தில் பக்கத்துப் பொத்தானை அழுத்திவிட்டார். நல்லவேளை, அழிக்கவும் இரண்டு பேர் சம்மதம் வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செய்தி போனது. 'தங்கப்பாண்டியன் அனைத்தையும் அழிக்கத் தங்கள் சம்மதத்தை வேண்டிக் காத்திருக்கிறார்.'

'மறுக்கப்பட்டது' என்று பதில் பாய்ந்து வந்தது. அதோடு பெட்டி சிவப்பு விளக்கைப் போட்டு, தன்னைத் தானே பூட்டிக்கொண்டது.

தங்கப்பாண்டியன் பொத்தானிலிருந்து கையை எடுத்தார். தன் பெருமை போனது போகட்டும், சத்தியநேசன் சார் பாட்டு போய்விடுமோ என்று அப்போதுதான் நிஜமாகவே பயந்தார். அந்த மனுஷர் மேடையில் நின்றதும், டீச்சர் முன்வரிசையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்ததும் கண்ணுக்குள் வந்தது. அந்தக் குரல் உலகத்திலேயே இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. அதன் மேல்தான் சினிமாப் பாட்டைப் பூசியிருந்தார். பெட்டியின் தலையில் ஒட்டியிருந்த நம்பருக்குப் போன் போட்டார்.

"ஸ்டெபின், பெட்டி பூட்டிக்கிடுச்சுய்யா. ரெண்டு டிஸ்க்கு உள்ள இல்ல."

"ரெண்டாண்ணே?" என்றான் ஸ்டெபின். அவனுக்கு ஏனோ இருமல் வந்தது. "ரெண்டையுமா எடுத்திட்டீக?"

"பாகம் பிரிச்சோம்."

இன்னும் கொஞ்சம் இருமினான். "அண்ணே, பயப்படாதீக. உள்ள இருக்கது பத்திரமாத்தான் இருக்கு. யாரோ அழிக்கப் பாக்காகன்னு பயந்துதான் பூட்டிருக்கு. நாலு டிஸ்க்கும் அதது எடத்துக்கு வரணும். சம்மதம் சொல்ற ரெண்டு ஆளும் பெட்டி முன்னாடி ஒண்ணா நிக்கணும். திரைல ஒரு நம்பர் வரும். ரெண்டு பேரும் அவுகவுக போன்ல அதப் போட்டுச் சம்மதம் குடுத்தா தொறந்திரும்."

"ஒண்ணாவா? போன்லயே பேசிக்கிட்டா ஆகாதா?"

"ஆகாதுண்ணே. பக்கத்துல பக்கத்துல நிக்கணும். அப்பொறம், ஆஃப் மட்டும் பண்ணிராதீக. பண்ணினா ஒரு வாரத்துக்குத் தொறக்காது. நீங்கதான எல்லாத்துலயும் டிக் போடச் சொன்னீக?"

ஜெபக் கூட்டம் நாளைக் காலையில். தங்கப்பாண்டியன் மனைவியிடம் வந்தார். "பானு, நீ மதினிகிட்ட ஒரு வார்த்தை பேசி அண்ணனை டிஸ்க்கோட வரச் சொல்லேன்."

"நானா? அவளோட நான் பேசி எம்புட்டு நாளாச்சு! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேப்பேன்?" என்று சொல்லிவிட்டு, போனை எடுத்துக்கொண்டு வடகம் காய்கிறதா என்று பார்க்க மாடிக்குப் போய்விட்டாள்.

கடைசியில் ராக்கப்பனைத் தூது போகச் சொன்னார். நாய்க்குக் காது வந்த நன்றியில் ராக்கப்பன் உடனே ஐயாதுரைக்குப் போன் போட்டார். பேசி முடித்துவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"காலைல இருந்து ஒங்க வீட்டுப் பெட்டி அவர்ட்ட சம்மதம் கேட்டு உயிரை எடுக்குதாம். கல்யாணத்துக்குக்கூட நீ இப்படிக் கேக்கலையாம். தம்பிதான் அண்ணன் வீட்டுக்கு வரணுமாம், பெட்டியையும் தூக்கிக்கிட்டு."

தங்கப்பாண்டியன் மீசையைத் தடவினார். பெட்டி 'கீ' என்றது. டீச்சர் முகம் ஞாபகம் வந்தது. "கருத்தப்பாண்டி ஆட்டோவக் கூப்பிடுங்க" என்றார்.

ஆஃப் பண்ணக் கூடாதல்லவா? காலடியில் யு.பி.எஸ். மடியில் தலையணை, தலையணை மேல் பெட்டி, பெட்டியில் 'கீ… கீ…'. "அண்ணே, குண்டுகுழி பாத்து ஓட்டு, உள்ள டிஸ்க்கு சுத்திக்கிட்டிருக்கு" என்று தங்கப்பாண்டியன் சொல்ல, "எனக்கே தலை சுத்துது" என்றார் கருத்தப்பாண்டி. ஆனால் காந்தி சிலையைத் தாண்டியதும் ஒரு அதிசயம் நடந்தது. முன்னால் போன லாரி ஓரம் கட்டியது. மதுரை பஸ் ஒதுங்கி வழிவிட்டது. ஒரு டிராபிக் போலீஸ்காரர் விசில் ஊதி மற்ற வண்டிகளை நிறுத்தி, ஆட்டோவைப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரி அவசரம் என்று நினைத்திருக்க வேண்டும். தங்கப்பாண்டியன் பெட்டி மடியில் இருந்தபடியே அவருக்கு ஒரு கும்பிடு போட்டார்.

"என் வாழ்க்கைல இப்படி ஓட்டுனதில்லண்ணே" என்றார் கருத்தப்பாண்டி. "எம்புட்டு கம்பீரம்!"

ஸ்ரீவில்லிபுத்தூரில் கோபுரம் தெரிந்ததும் கம்பீரம் இறங்கிவிட்டது. தேரடிப் பக்கம், ஒரு பால்கோவாக் கடை மாடியில் அண்ணனின் வீடும் புது ஸ்டுடியோவும். சத்தம் முன்னால் போய்விடக் கூடாதே என்று பெட்டியைக் கருத்தப்பாண்டியிடம் ஆட்டோவிலேயே பிடிக்கச் சொல்லிவிட்டு, தங்கப்பாண்டியன் மட்டும் படியேறினார். உள்ளே யாரோ கல்யாணம் பேச வந்தவர்களுக்கு அண்ணன் எதையோ காட்டிக்கொண்டிருந்தார்.

"இது என்னன்னு நெனைக்கீக? எந்தம்பி வச்சிருக்க சர்வரோட டிஸ்க்கு. அதுல இருக்கறத திருடனும் எடுக்க முடியாது, போலீசும் எடுக்க முடியாது. இந்த ஜில்லாவுலயே அவன் ஒருத்தன்ட்டதான் இருக்கு."

"ஒங்க தம்பியும் ஒங்களோடதான் இருக்காரா?" என்று வந்தவர் கேட்டார்.

"இல்ல" என்றார் ஐயாதுரை. ஒரு ஆல்பத்தை எடுத்து வந்தவர் பக்கம் தள்ளினார்.

தங்கப்பாண்டியன் கதவோரம் நின்றார். எட்டிப் பார்த்தார். கண்ணாடி ஷோகேஸில், சாமி படத்துக்குப் பக்கத்தில், அவருடைய இரண்டு டிஸ்க்கும் நின்றுகொண்டிருந்தன. ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் அப்படியே இருந்தன. தூசி படியாமல் மினுமினுவென்று வைத்திருக்கிறார்கள் என்று சந்தோஷப்படுவதா, சந்தனம் எந்த இடத்தில் பூசியிருக்கிறது என்று பதறுவதா என்று தெரியவில்லை. பித்தளைப் பல்வரிசைபோல் இருக்கிற அந்த இணைப்பு முனையில்தான், சரியாகப் பார்த்து, கெட்டியாகப் பூசியிருந்தார்கள்.

"அங்கயா பூசுவாக!" என்று வாயை விட்டுவிட்டார்.

ஐயாதுரை திரும்பினார். வந்தவர்கள் நிலைமை புரிந்து எழுந்து போனார்கள். அண்ணன் தம்பியைப் பார்க்கவில்லை, தம்பி அண்ணனைப் பார்க்கவில்லை. அதற்குள் கருத்தப்பாண்டி பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பின்னாலேயே யு.பி.எஸ்ஸைச் சுமந்த கடைப் பையனுடன் மூச்சு வாங்க மேலே வந்துவிட்டார்.

"கருத்தப்பாண்டி, என்ன வேணும்னு கேளுய்யா" என்றார் ஐயாதுரை.

"டிஸ்க்கு வேணும்னு சொல்லுங்க" என்றார் தங்கப்பாண்டியன்.

"எதுக்குன்னு கேளு. எல்லாத்தையும் அழிக்கறதுக்கா?"

"கை தவறிருச்சுன்னு சொல்லுங்க. ஏசம்மாள் டீச்சர் வீட்டுக்காரர் பாட்டு உள்ள இருக்கு. நாளைக்கு ஜெபக் கூட்டம். அவர் கொரல் வேற எங்கயும் இல்லன்னு சொல்லுங்க."

கருத்தப்பாண்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கை வலிக்குது. இதையாவது ஒரு ஆளு வாங்குங்கப்பா" என்றார். அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் கை நீட்டி வாங்கினார்கள். பெட்டி கனம். இரண்டு பேரும் சேர்ந்து மேசையில் இறக்கினார்கள்.

"சத்தியநேசன் சாரா?" என்றார் ஐயாதுரை, நேராகத் தம்பியைப் பார்த்து. "ஏலே, அத மொதல்லயே சொல்லிருக்கலாம்ல? அவர் பாடறப்ப கேமராவ ஆட்டாமப் பிடிக்க எனக்கு எம்புட்டுக் கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? அப்படி ஒரு கொரல்."

பக்கத்து வீட்டுப் பத்தாம் வகுப்புப் பையனின் பென்சில் ரப்பரை வாங்கி, தங்கப்பாண்டியன் பல்வரிசையில் இருந்த சந்தனத்தை உரசி எடுத்தார். அண்ணன் தன் வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார். பெட்டியில் செருகியிருந்த பழைய டிஸ்க் இரண்டையும் உருவிவிட்டு, தம்பி ஒன்றைச் செருகினார். அடுத்ததையும் செருகினார். திரையில் நம்பர் வந்தது. இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்து நின்று, அவரவர் போனில் அதைப் போட்டார்கள்.

'தங்கப்பாண்டியன் தங்கள் சம்மதத்தை வேண்டிக் காத்திருக்கிறார்' என்று ஐயாதுரை சத்தமாக வாசித்தார். "இப்ப சரி" என்று அழுத்தினார்.

பெட்டி வாயை மூடியது. காலையிலிருந்து கேட்ட சத்தம் நின்றதும், கீழே பால்கோவாக் கடையில் கரண்டி உரசுகிற சத்தம்கூடக் கேட்டது. பச்சை விளக்குகள் நாலும் ஒவ்வொன்றாக எரிந்தன.

"பாத்தியா? ஒரு சொட்டு போகல" என்றார் தங்கப்பாண்டியன்.

"எந்தம்பி வச்சதுல்ல" என்றார் ஐயாதுரை.

ஏசம்மாள் டீச்சருக்குப் போன் போட்டு, அசலை ஓடவிட்டார்கள். சத்தியநேசன் சார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். பல்லவி, அனுபல்லவி போய், சரணத்தில் ஒரு வரியில் தடுமாறி நின்றார். உடனே கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அந்த வரியை எடுத்துக் கொடுக்க, அவர் சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். எடுத்துக் கொடுத்தது டீச்சரேதான்.

பாட்டு முடிந்தது.

"அங்கதான் மறப்பாக" என்றார் டீச்சர் கடைசியில். "கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவியளுக்கு அந்த வரி மறக்கும். நல்லா இருங்க தம்பி, ரெண்டு பேரும்."

அண்ணனும் தம்பியும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். மாரிச்செல்வி இலை போட்டுக் கூப்பிட்டார். தங்கப்பாண்டியனுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு. வரப்போவது முன்கூட்டியே தெரிந்ததுபோல் நாலு பேருக்குப் போதுமான சோறு இருந்தது.

"நான் வருவேன்னு எப்படித் தெரியும் மதினி?"

"ஒங்க பெட்டிச் சத்தம் பஸ் ஸ்டாண்டுலயே கேட்டுச்சே" என்றார் மாரிச்செல்வி.

கருத்தப்பாண்டி இரண்டாம் முறை குழம்பு வாங்கினார். ஐயாதுரை சோற்றைப் பிசைந்தபடி, "புது பேனர் ஒண்ணு அடிக்கணும்லே" என்றார்.

"நாய்?"

"நாய் கீழ. நாலு டிஸ்க்கும் ஒரே எடத்துல இருக்கட்டும். பிரிச்சது போதும்."

தங்கப்பாண்டியனுக்கு மனசு நிறைந்து, பேச்சு வழக்கம்போல் பெருமையில் போய் நின்றது. அந்த நேரம் பார்த்து ஸ்டெபின் போன் போட்டான். ஊரே கேட்கட்டும் என்று ஸ்பீக்கரைப் போட்டார்.

"தொறந்திருச்சுடா ஸ்டெபின்! நாலும் சேந்தாச்சு, அண்ணன் தம்பியும் சேந்தாச்சு! ஆம்பளைக நாங்க முட்டாப் பயலுக இல்ல. ஆளுக்கு ரெண்டுன்னு அன்னைக்கு மல்லுக்கு நின்ன எங்க வீட்டுப் பொம்பளைகளாலதான் இவ்வளவும். டிஸ்க்கைப் பத்தி அவுகளுக்கு என்ன தெரியும், பாவம்!"

மாரிச்செல்வி சட்டென்று ரசம் எடுக்க அடுக்களைக்குள் போய்விட்டார்.

"என்னண்ணே இப்படிச் சொல்றீக?" என்றான் ஸ்டெபின். "பாகம் பிரிக்கதுக்கு மொத நாளு மதினிமாரு ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து எனக்குப் போன் போட்டு, எத்தன டிஸ்க்கு எடுத்தா பெட்டி படுக்கும்னு கேட்டாகளே, ஒண்ணு எடுத்தாத் தாங்கிரும், ரெண்டு எடுத்தா அண்ணன் தம்பி சேராமத் தொறக்கவே தொறக்காதுன்னேன், 'அப்ப ஆளுக்கு ரெண்டு'ன்னு சிரிச்சுக்கிட்டே வச்சிட்டாக!"